ராம்ப்பின் கடைசி அரை மீட்டர்

பிஎம்எக்ஸ் என்ற சின்னச் சக்கரச் சாகச பைக்கில், வளைந்து மேலேறும் ராம்ப்பை விட்டுக் கிளம்பி, கிளம்பிய மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே போய், மறுபடி அதே மட்டத்துக்கு வந்து சேர ஆகும் நேரம் சுமார் 0.9 நொடி. ஏற 0.45, இறங்க 0.45. இதில் யாருக்கும் சலுகை கிடையாது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கும் அதே 0.9 நொடிதான், நேற்று முதல் ஹெல்மெட் வாங்கியவருக்கும் அதே 0.9 நொடிதான். இந்த நேரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். நான்கு மீட்டர் ஏறினால்தான் 1.8 நொடி கிடைக்கும். "இன்னும் உயரமா போயிட்டா ட்ரிக்கை நிதானமா பண்ணலாம்" என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பது இயல்பு. அது கொஞ்ச தூரத்துக்குத்தான் உதவும்.

ஆனால் இந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மேலே எறியப்பட்ட எந்தப் பொருளும் தன் பயண நேரத்தில் சரிபாதியை உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிக்கிறது. ஒரு மீட்டர் தாவினால், உச்சியை ஒட்டிய 25 சென்டிமீட்டருக்குள் மட்டும் 0.45 நொடி இருக்கிறோம். ஜம்ப்பின் நடுவில் ஒரு கணம் எல்லாம் நின்றுபோனது போல் தோன்றுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். கீழே இருக்கும்வரை கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்த பலகைச் சத்தம் சட்டென்று நின்று, பின்சக்கர ஹப்பின் டிக்டிக் மட்டும் காதில் விழும். ட்ரிக் எல்லாவற்றையும் உச்சியில் வைத்துச் செய் என்று பழகியவர்கள் சொல்வது அந்த இடத்தைத்தான். முதல் முறை அந்த டிக்டிக்கைத் தெளிவாகக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இந்த விளையாட்டு விடவே இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. காற்றில் செய்யும் ஏர் ட்ரிக் பற்றிய பேச்சில் பெரும்பகுதி மேலே நடப்பதைப் பற்றியே இருக்கிறது. காலை எப்போது உதைப்பது, கையை எப்போது விடுவது, எப்படித் திரும்பப் பிடிப்பது என்று. கற்க வேண்டியதில் பெரும்பங்கு அங்கே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அது தரையிலும், ராம்ப்பின் கடைசி அரை மீட்டரிலும் இருக்கிறது. பின்டயர் லிப்பை, அதாவது ராம்ப்பின் மேல் விளிம்பை, விட்ட அந்தக் கணத்திலேயே நாமும் பைக்கும் சேர்ந்த எடையின் மையம் எந்த வளைவில் போகும், எங்கே இறங்கும் என்பது முடிவாகிவிடுகிறது. அப்புறம் கையைக் காலை எப்படி உதறினாலும் அந்தப் பாதை மாறாது. சுழற்சிக்கும் அதே விதிதான். லிப்பில் எவ்வளவு சுழற்சியோடு கிளம்பினோமோ அவ்வளவுதான் கையிருப்பு. உடம்பைச் சுருக்கினால் வேகமாகச் சுழலும், விரித்தால் மெதுவாகச் சுழலும். புதிதாகச் சேர்க்க மேலே ஒன்றுமில்லை, உதைக்கத் தரை கிடையாது.

அதனால் நான் ட்ரிக்குகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறேன். பைக்கோடு முழுச் சுற்றுச் சுற்றும் 360, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும் பேக்ஃப்ளிப், அதோடு பாதிச் சுற்றும் சேரும் ஃப்ளேர் போன்றவை முதல் வகை. இவற்றுக்கான சுழற்சியை லிப்பிலிருந்தே கொண்டுபோக வேண்டும். பைக்கைப் படுக்க வைக்கும் டேபிள்டாப், ஹாண்டில்பாரை முழுச் சுற்றுச் சுற்றும் பார்ஸ்பின், ஃப்ரேமைச் சுற்றும் டெயில்விப், கையை விடாமல் ஹாண்டில்பாரைத் திருப்பும் எக்ஸ்-அப் போன்றவை இரண்டாம் வகை. இவற்றில் நம் உடம்பையே பிடிமானமாக வைத்து, பைக்கையோ பைக்கின் ஒரு பகுதியையோ திருப்புகிறோம். பைக் 10 முதல் 12 கிலோதான், நாம் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அதனால் பைக் நிறைய சுழலும், நாம் லேசாக எதிர்ப்பக்கம் திரும்புவோம். எந்த ட்ரிக் எந்த வகை என்று தெரிந்துவிட்டால், தவறும்போது எங்கே போய்த் திருத்துவது என்றும் தெரிந்துவிடும். 360 முக்கால்வாசியில் நின்றுபோனால் மேலே என்ன செய்தோம் என்று யோசித்துப் பயனில்லை, லிப்பைப் பார்க்க வேண்டும். பார்ஸ்பின் நழுவினால் கையையும் முட்டியையும் பார்க்கலாம்.

பைக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. 20 அங்குலச் சக்கரம், 4130 குரோமோலி இரும்பில் செய்த ஃப்ரேம், செயின் ஓடும் பற்சக்கரத்தில் முன்னால் 25 பல், பின்னால் 9 பல், தாழ்த்தி வைத்த சீட். சீட் தாழ்வாக இருப்பது உட்கார்வதற்காக இல்லை, ஃப்ரேம் நம் காலுக்கடியில் தடையில்லாமல் சுற்றுவதற்காக. மரப்பலகை ராம்ப்பில் டயர் காற்று 60 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால்தான் வளைவில் உடம்பை நீட்டி பம்ப் செய்யும்போது விசை டயரிலேயே வீணாகாது. பின் பிரேக் வைத்திருந்தால், ஹாண்டில்பார் சுற்றும்போது கேபிள் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஜைரோ வேண்டும். 1980களில் வந்த அந்தச் சின்ன வட்டத் தகடுதான் பார்ஸ்பின்னையும் பிரேக்கையும் ஒரே பைக்கில் சேர்த்து வைத்தது. ஹாண்டில்பார் திரும்பும் இடத்து ஹெட்செட்டும், ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டும் ஆடாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்னாலும் பாருங்கள். முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து ஹாண்டில்பாரைத் திருகிப் பார்த்தால் போதும்.

சரி, தரைக்கு வருவோம். முதலில் பன்னி ஹாப். ராம்ப் எதுவும் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் பைக்கை நம் உடம்பாலேயே தரையிலிருந்து கிளப்புவது. குனிந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, கைகளை நீட்டினால் முன்சக்கரம் எழும். அங்கிருந்து நேராக எழுந்து நின்று, ஹாண்டில்பாரை இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். பைக் ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும்போது, பாரை முன்னால் தள்ளிக்கொண்டே, கால்விரல்களைக் கீழ்நோக்கி வைத்துப் பெடலைப் பின்பக்கமாக அள்ளினால் பின்சக்கரமும் மேலே வரும். வெறும் கை பலத்தால் இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் தூக்குவது வேறு, அது ஜம்ப்பில் கைகொடுக்காது. பன்னி ஹாப் சரியாக வந்தவர்களை ராம்ப்பில் பார்த்தாலே தெரியும். லிப்பில் அவர்கள் செய்வது அதே அசைவின் சுருக்கமான வடிவம்தான். அந்த அசைவு உடம்பில் ஊறாமல் ராம்ப்புக்குப் போகிறவர்கள் ராம்ப் தூக்கிப் போடும் இடத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பம்ப். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ராம்ப்பின் வளைவில் பைக் ஏறும்போது நம் எடை கூடியது போல் காலில் அழுத்தம் தெரியும். அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, மடக்கி வைத்திருந்த முட்டியையும் முழங்கையையும் நீட்டி எழுந்தால், நாம் செய்யும் அந்த வேலை முழுவதும் வேகமாகத் திரும்பக் கிடைக்கிறது. ஊஞ்சலில் நின்றபடி ஆடும் குழந்தை, கீழே வரும்போது முட்டியை நீட்டி எழுந்து ஊஞ்சலின் உயரத்தைக் கூட்டுகிறதே, அதே இயற்பியல். பெடல் மிதித்து எடுக்கும் வேகத்தைவிட இந்த வேகம் நம்பகமானது, ஏனென்றால் இது சரியாக வேண்டிய திசையில், லிப்பை நோக்கி மேலே போகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல்நோக்கிய வேகம் மட்டுமே மணிக்கு 16 கிலோமீட்டர் வேண்டும். அதில் ஒரு பங்கை வளைவுதான் கொடுக்கும்.

பம்ப் பழக என்ன செய்யலாம்? இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் சின்ன மினி ராம்ப் ஒன்றில் பெடலே மிதிக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருங்கள். பெடலைத் தாங்கும் க்ராங்க் இரண்டும் தரைக்கு இணையாக, அசையாமல். முதலில் உயரம் குறைந்துகொண்டே வந்து நடுவில் நின்றுபோகும். பிறகு ஒரு நாள் குறையாமல் நிற்கும். அப்புறம் கூடத் தொடங்கும். ட்ரிக் ஒன்றும் இல்லாத அந்தப் பயிற்சி பார்ப்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும். எனக்கு இன்றும் ஒவ்வொரு முறையும் முதல் கால்மணி நேரம் அதற்கே போகிறது, அதை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

இப்போது அந்தக் கடைசி அரை மீட்டர். பயம் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். வளைவில் ஒழுங்காக வந்தவர்கள் கூட லிப் நெருங்கும்போது உடம்பை இறுக்கிக்கொள்கிறார்கள். முழங்கை பூட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும், பார்வை முன்சக்கரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். விளைவை ரைடர்கள் டெட் செயிலர் என்பார்கள். பைக் ஒரு பக்கம் சாய்ந்தபடி, மேலே இருப்பவர் மரக்கட்டை போல விறைத்தபடி, எதையும் திருப்ப முடியாமல் காற்றில் போவது. பார்த்தாலே அடிவயிறு கலங்கும். டெட் செயிலருக்கு மேலே மருந்து கிடையாது. லிப்பில் எழுந்து நின்று, தூக்கும் அசைவை நாம் முடித்திருக்க வேண்டும். முடித்திருந்தால் பைக் நம் கையில் இருக்கும். இல்லாவிட்டால் நாம் பைக்கின் கையில்.

எங்களோடு ஓட்டும் பையன் ஒருவன் இருக்கிறான், பள்ளிக்கூடப் பையன்தான், என்னைவிடப் பல மடங்கு நன்றாக ஓட்டுவான். ஏறும் ராம்ப்பும் நடுவில் மேடையும் இறங்கும் சரிவும் சேர்ந்த பாக்ஸ் ஜம்ப்பில் நான் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து சொன்னான்: "அண்ணா, சக்கரத்தப் பாக்காதீங்க. லிப்ப ஒரு தடவ பாருங்க, உடனே எறங்குற எடத்தப் பாருங்க. கண்ணு போற எடத்துக்குத்தான் தோள் போகும்." நான் என்னென்னவோ படித்துத் தெரிந்துகொண்டதை அவன் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான். பார்வை லேண்டிங்குக்குப் போனதும் தலை நிமிர்கிறது, தலை நிமிர்ந்தால் மார்பு திறக்கிறது, மார்பு திறந்தால் முழங்கையின் பூட்டு தானாக விடுகிறது.

லேண்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். இறங்கும் பலகை ஏன் சரிவாக இருக்கிறது? மேலிருந்து விழும் வேகத்தில் பலகைக்குச் செங்குத்தாக இருக்கும் பங்கு மட்டும்தான் நம்மை அடிக்கிறது. பாதையும் சரிவும் ஒத்துப்போனால் அந்தப் பங்கு மிகச் சிறியது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சரிவில் இறங்குவது மெத்தென்று இருக்கும், அரை மீட்டரிலிருந்து சமதளத்தில் விழுவது குதிகாலை உலுக்கும். வேகம் குறைந்தால் பின்சக்கரம் நடு மேடையான டெக்கின் விளிம்பில் இடிக்கும். வேகம் கூடினால் சரிவைத் தாண்டிச் சமதளத்தில் போய் விழுவோம். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், சின்ன ஜம்ப்பில் வேகம் குறைவதுதான் மோசம் என்பேன். இடித்த வேகத்தில் முன்பக்கமாகத் தூக்கி எறியும். அதனால்தான் ட்ரிக் எதையும் தொடுவதற்கு முன்னால் அந்த ஒரு ஜம்ப்புக்கான வேகத்தை, எந்த இடத்திலிருந்து கிளம்பி எத்தனை மிதி மிதிக்க வேண்டும் என்ற அளவில், மாறாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் ட்ரிக்கைப் பழகவே முடியாது. எது மாறியதால் எது கெட்டது என்று எப்படித் தெரியும்?

விழுவதைத் தனியாகக் கற்க வேண்டும். இதைப் பலர் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். விழுவது தோல்வியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, அதனால் பயிற்சியில் இடம் பெறுவதில்லை. சின்ன ஜம்ப்பில், வேண்டுமென்றே, உச்சியில் பைக்கைத் தள்ளிவிட்டு இரண்டு காலில் இறங்கி ஓடிப் பாருங்கள். எந்தப் பக்கம் தள்ளினால் பைக் நம் வழியில் குறுக்கே வராது என்று உடம்பு கற்றுக்கொள்ளும். மினி ராம்ப்பின் வளைவில் முட்டிக் கவசத்தால் சறுக்கி இறங்கப் பழகுங்கள். முன்னால் விழும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவது எல்லோருக்கும் பிறவிப் பழக்கம். மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். குறிப்பாக மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பு உடைந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி அடங்காவிட்டால் மறுபடி காட்டத்தான் வேண்டும். கையை மடக்கி, தாடையை மார்போடு சேர்த்து, தோளில் உருள வேண்டும். புல்தரையில் பைக் இல்லாமல் உருண்டு பழகலாம், யார் சிரித்தாலும் பரவாயில்லை.

பைக்கை விடுவது என்ற முடிவும் லிப்பை ஒட்டியே எடுக்க வேண்டிய ஒன்று. கிளம்பியது சரியில்லை என்று உடம்புக்கு உடனே தெரிந்துவிடும். அதை உச்சிக்கு முன்பே ஏற்றுக்கொண்டு பைக்கை விட்டால் காலில் இறங்க நேரம் இருக்கும். எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று இறங்கும் வழி வரை பிடித்துக்கொண்டிருந்தால் விடுவதற்கும் நேரம் இருக்காது, பிடிப்பதற்கும் இருக்காது. விதிவிலக்கு ஃப்ளிப். தலைகீழாக இருக்கும்போது பைக்கை விட்டால் அது எங்கே வரும் என்று சொல்ல முடியாது. அதில் சுருட்டிக்கொண்டு சுற்றி முடிப்பதுதான் பாதுகாப்பு.

முதல் ட்ரிக்காக எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரு கையை விடுவதோ ஒரு காலை எடுப்பதோ இல்லை, டேபிள்டாப். கை கால் எதையும் விட வேண்டியதில்லை. உச்சியில் பாரை ஒரு பக்கம் திருப்பி, பின்சக்கரத்தை மறுபக்கமாகக் காலால் மேலே தூக்கி, பைக் முழுவதையும் தரைக்கு இணையாகப் படுக்க வைக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்து பதினைந்து டிகிரி சாய்ந்தாலே பெரிய விஷயம். ஆனால் அந்தப் பதினைந்து டிகிரியிலேயே முக்கியமான ஒன்று பிடிபடுகிறது: மேலே போன பிறகு பைக்கை உடம்பிலிருந்து பிரித்து அசைக்கலாம், மறுபடி கொண்டுவந்து நேராக்கலாம் என்ற நம்பிக்கை. டெட் செயிலரின் நேர் எதிர் அது. முழுசாகப் படுத்து, ஒரு கணம் நின்று, திரும்பி வரும் டேபிள்டாப் ஒன்றைப் பார்க்க நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பேன். அவசர அவசரமாக முக்கால் சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றி இறங்கும் 360ஐவிட எனக்கு அது பல மடங்கு உயர்ந்தது. பெரிய போட்டிகளிலும் நடுவர்கள் கடினத்தோடு உயரத்தையும் ஸ்டைலையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

டெயில்விப்பை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பார் நம் கையில் இருக்க, பைக்கின் ஃப்ரேம் மட்டும் அதன் முன்முனையான ஹெட் ட்யூபைச் சுற்றி முழு 360 டிகிரி வந்து மறுபடி காலுக்கடியில் சேர வேண்டும். லிப்பில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து கிளம்ப வேண்டும், இடுப்பு பாருக்கு மேலே இருக்கும்படி. சுழற்சியைத் தொடங்குவது இடுப்பு. கால் அந்த அசைவைத் தொடர்ந்து ஃப்ரேமைப் பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறது. கால்கள் பெடலை விட்டதும் மேலே இழுத்து மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வரும் ஃப்ரேம் கணுக்காலில் அடிக்கும். இதற்கிடையில் கைகள் சும்மா இருப்பதில்லை. ஃப்ரேம் போகும் திசையில் பாரை ஒரு சின்ன வட்டமாக அசைத்து உதவுகின்றன. பாதி சுற்றில் பின்சக்கரம் நமக்கு முன்னால் இருக்கும், அங்கேதான் பெரும்பாலோர் கீழே கால் வைக்கப் போகிறார்கள். அந்தப் பாதியில் கண்ணை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். சீட் திரும்பி வருவது தெரியும். பெடல் வருவது தெரியும். முன்கால் ஒன்று பெடலைத் தொட்டுவிட்டால் ஃப்ரேம் நின்றுவிடும், மற்றக் காலுக்கு அப்புறம் இடம் கிடைக்கும்.

இதெல்லாம் அரை நொடிக்குள். ஆனால் பழகப் பழக அந்த அரை நொடி விரிகிறது. முதலில் சுழற்சி ஒரு கலங்கலாகத்தான் தெரியும். நாளாக ஆக சீட், பின்சக்கரம், பெடல் என்று தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததிலேயே பிடித்தது இந்த மாற்றம்தான். நேரம் அதேதான், பார்வைதான் கூர்மையாகிறது.

டெயில்விப்பை எல்லோரும் ஃபோம் பிட்டில்தான் தொடங்குகிறார்கள், தொடங்கவும் வேண்டும். பஞ்சுக் கட்டிகள் நிரம்பிய அந்தக் குழி எத்தனையோ எலும்புகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் அதைப் பற்றி எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. ஃபோம் கிளம்புவதைக் கற்றுத் தரும், இறங்குவதைக் கற்றுத் தராது. கால் பெடலில் பாதி வந்தாலும் ஃபோம் ஏற்றுக்கொள்ளும். முன்சக்கரம் கோணலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதிலேயே மாதக்கணக்கில் இருந்தால் உடம்பு அந்தக் கோணலையே சரி என்று பதிவு செய்துகொள்ளும். ஃபோமில் இரண்டு காலும் பெடலில், முன்சக்கரம் நேராக, தொடர்ந்து வரத் தொடங்கியதும் ரெசிக்குப் போய்விட வேண்டும். ரெசி என்பது சரிவான லேண்டிங்கின் மேல் பஞ்சும் அதன்மேல் வழுக்கும் பிளாஸ்டிக்கும் பரப்பியது. உருண்டு போகவும் விடும், விழுந்தால் சறுக்கவும் விடும். அங்கே கோணல் உடனே அம்பலமாகும். ஃபோமில் இறங்கும்போது பைக் நம்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதும், நாம் ஏறி வெளியே வரும்வரை அடுத்தவர் கிளம்பாமல் இருப்பதும் எல்லோருடைய பொறுப்பு.

பேக்ஃப்ளிப்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஆனால் அதைச் செய்யும் முறையைச் சொல்ல அதிகமில்லை. அது முதல் வகை ட்ரிக். முழுக்க லிப்பில் முடிவாவது. லிப்பின் முடிவு வரை காத்திருந்து, தலையைப் பின்னால் சாய்த்து, பாரை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டால் சுற்று வந்துவிடும். அவசரப்பட்டு வளைவின் நடுவிலேயே சாய்ந்தால் உயரம் போய்விடும், சுழற்சி மட்டும் மிஞ்சும். மற்றபடி நடுவில் பயந்து உடம்பை விரிப்பதுதான் அதில் ஆபத்து. விரித்தால் சுழற்சி தளர்ந்து தலைகீழாகவே இறங்க நேரும்.

உலகின் மிகச் சிறந்தவர்களுக்கும் இது இப்படித்தான் இருக்கிறது என்பதைப் பார்க்க டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் வந்தது அங்கேதான், இறுதிப் போட்டி 2021 ஆகஸ்ட் 1 அன்று. ஆளுக்கு ஒரு நிமிடம் வீதம் இரண்டு ரன், இரண்டில் நல்லது கணக்கு. பிரிட்டனின் ஷார்லட் வொர்திங்டன் முதல் ரன்னிலேயே 360 பேக்ஃப்ளிப்பை முயன்று விழுந்தார். இரண்டாவது ரன்னில் அதையே மறுபடி எடுத்தார். பெண்கள் போட்டியில் அதற்கு முன் யாரும் இறக்கியிராத ட்ரிக் அது. இறக்கினார், 97.50 மதிப்பெண், தங்கம். அமெரிக்காவின் ஹானா ராபர்ட்ஸ் வெள்ளி வாங்கினார். நான் அந்த இரண்டு ரன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. கண்ணை லிப்பில் வையுங்கள், மேலே போனதைப் பார்க்காதீர்கள்.

அதற்கும் முன்னால், 1989இல் மேட் ஹாஃப்மன் செங்குத்தாக முடியும் வெர்ட் ராம்ப்பில் 900ஐ, அதாவது இரண்டரைச் சுற்றை, இறக்கினார். ஸ்கேட்போர்டில் டோனி ஹாக் அதே 900ஐ இறக்கியது 1999இல். 2000இல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் டேவ் மிர்ரா இரட்டை பேக்ஃப்ளிப் அடித்தார். மிர்ராவின் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்ததில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சிடிஇ என்ற நோய் இருந்தது தெரியவந்தது. பிஎம்எக்ஸ் ரைடர் ஒருவருக்கு அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

அதனால் தலை விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன். தலையில் அடிபட்டு, ஒரு நிமிடம் குழப்பமாக இருந்தாலோ, குமட்டினாலோ, வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ அன்றைக்கு பைக் அவ்வளவுதான். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மறுநாளும் கிடையாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் பெரிய கேடு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். ஃப்ளிப், விப் பழகும் காலத்தில் முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்தான் போட வேண்டும். பழகியவர் "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று சொன்னால் கூடக் கேட்காதீர்கள்.

பயம் வேறு விஷயம். அதை விரட்டச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகம் சரியாக இருக்கிறது, டேபிள்டாப் கைக்குள் இருக்கிறது, விழத் தெரியும் என்ற நிலையிலும் பயம் இருந்தால் அது வழக்கமான பயம், ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கிளம்பலாம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் பயம் வந்தால் அது எதை முதலில் பழக வேண்டும் என்று சொல்லும் பயம். சின்ன ஜம்ப்புக்குப் போய்விடலாம். களைப்பும் இதில் சேரும். கால் சோர்ந்தால் பம்ப் தளரும், பம்ப் தளர்ந்தால் உயரம் குறையும். ஆனால் உடம்பு முந்தைய உயரத்துக்கான நேரக் கணக்கிலேயே ட்ரிக்கைத் தொடங்கும். "கடைசியா ஒன்னு" என்று கிளம்பும் முறையில் அடிபடுவது ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

இப்போது நான் பழகிக்கொண்டிருப்பது எதிர்ப்பக்க 360. எல்லோருக்கும் சுற்ற வசதியான பக்கம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் வந்துவிட்ட பிறகு மறுபக்கம் முயன்றால் முதல் நாள் மாதிரி ஆகிவிடுகிறது. வளைவில் வரும்போதே லேசாக வட்டமாக வர வேண்டும். லிப்பில் எதிர்த்தோளுக்கு மேலே பார்க்க வேண்டும், தலை போன வழியே தோளும் இடுப்பும் பைக்கும் வரும். முக்கால் சுற்றில், அதாவது 270 டிகிரியில், லேண்டிங் கண்ணில் பட வேண்டும். வசதியான பக்கத்தில் அது தானாகக் கண்ணில் படுகிறது. எதிர்ப்பக்கத்தில் தலை பாதியிலேயே நின்றுவிடுகிறது, கழுத்து போக மறுக்கிறது. அதனால் ஜம்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் பன்னி ஹாப் அடித்து அந்தப் பக்கமாக 180 திரும்பி, ஃபேக்கியில் பின்னால் உருண்டு வெளிவந்துகொண்டிருக்கிறேன். 180இல் தலை சீக்கிரமாகத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. அடுத்து ஃபோம் பிட்டின் சின்ன லிப்பில் அதையே 270 வரை கொண்டுபோக வேண்டும்.